இல்லாத கிரவுனுக்கு ஆயில்

மாருதி காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மெக்கானிக் மதலைமுத்துவின் கால்கள்.

பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நாகேஸ்வரன் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். கும்பகோணம் கோர்ட்டில் வாதாடிய குரல். வக்கீல் தொழிலை விட்ட பிறகும் குரல் மட்டும் அவரை விடவில்லை.

"முத்து, பழைய ஆயில் நன்னா வடியட்டும். அவசரப்படாதே."

"ஆகட்டும் சார். ஜோரா வடியுது சார்."

"எதுக்குப்பா ஆயில்?" என்று கேட்டுக்கொண்டே விஸ்வா வாசலுக்கு வந்தான். நேற்றுத்தான் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியிருந்தான். புதிதாக வெள்ளையடித்த மாடி அறையில் படுத்து ராத்திரி முழுக்கத் தும்மியதில் மூக்கு சிவந்து கிடந்தது.

"கிரவுன் ஆயில்டா. ரெண்டு பின் சக்கரத்துக்கும் நடுவுல பூசணிக்காய் மாதிரி ஒண்ணு இருக்குமே, அதுக்கு. அம்பாசிடர் காலத்துலேர்ந்து ஆயுத பூஜைக்கு முன்னாடி மாத்திடறது வழக்கம்."

விஸ்வாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெட்ராய்ட்டில் அவன் பார்க்கிற வேலையே காரின் பல்சக்கரங்களோடுதான். அம்பாசிடரைத் தள்ளிக்கொண்டு போவது பின் சக்கரம். அதற்குக் கிரவுன் உண்டு. அந்த அம்பாசிடரை விற்றுவிட்டு அவன் வாங்கிக் கொடுத்த இந்த மாருதியை இழுப்பதோ முன் சக்கரம். பின்னால் கிரவுனும் இல்லை, அதில் ஆயிலும் இல்லை, மாற்றுவதற்கு ஒரு மண்ணும் இல்லை.

ஆனால் காருக்கு அடியில் இருந்த அலுமினியச் சட்டியில் கன்னங்கரேலென்று ஆயில் விழுந்துகொண்டிருந்தது.

பட்டப்பகலில், ஒரு வக்கீல் காதிலேயே பூச்சுற்றுகிறான்! இன்றோடு இந்த ஆள் நம் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று கறுவிக்கொண்டு விஸ்வாவும் காருக்கு அடியில் நுழைந்தான்.

அங்கே மதலைமுத்து ஒரு கையால் ஸ்பேனரை எதன் மேலோ டங் டங்கென்று தட்டிக்கொண்டிருந்தார். மறு கையால் ஒரு பாட்டிலிலிருந்து ஆயிலைச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கிரவுன் எங்கே இருக்கு? காட்டுங்க பார்ப்போம்."

"ஐயோ, மெதுவா பேசுங்க தம்பி! சார் காதுல விழுந்துடப் போகுது." மதலைமுத்து உதட்டில் விரலை வைத்ததில் மீசையெல்லாம் ஆயில். "இந்த வண்டி வந்த வருஷம் சாரே ஆளனுப்பி, கிரவுன் ஆயில் மாத்தணும் வான்னாரு. வண்டியச் சுத்தி அத்தனை பேர் நிக்கிறாங்க. ஜட்ஜையே மடக்கின மனுஷன்கிட்ட, இதுல அது கிடையாது சார்னு எப்படிச் சொல்றது? கூனிக் குறுகிட மாட்டாரா? அதான் ஷெட்டுலேருந்து கழிவு ஆயில எடுத்தாந்து ஊத்திக் காட்டினேன். இன்னி வரைக்கும் அதே ஆயில்தான் தம்பி. பாட்டில்ல பத்திரமா வெச்சிருக்கேன்."

"கூலி?"

"அம்மா கையால ஒரு காபி. மாதா சத்தியமா வேற ஒண்ணும் வாங்குறதில்ல."

விஸ்வா சட்டை முழுக்கக் கறையோடு வெளியே வந்தான். நாகேஸ்வரன் அவன் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பார்த்துட்டியா? சத்தம் போடாதே. பின்னாடி ஒண்ணும் கிடையாதுன்னு எனக்கும் தெரியும்."

"என்னது!"

"முதல் தடவை தெரியாமத்தான் கூப்பிட்டேன். அப்புறம் காரோட வந்த புஸ்தகத்தைப் படிச்சேன். அதுக்குள்ள அவன் ஆயிலே மாத்திட்டுப் போயிட்டான்! பாவம், அவனுக்கே தெரியலை. கிரவுன் வேலைன்னா திருவிடைமருதூர்ல முத்துதான்னு பேர் வாங்கினவன். இப்ப அம்பாசிடரெல்லாம் போயாச்சு, யாரும் கூப்பிடறதில்லை. நானும் விட்டுட்டா அவன் மனசு உடைஞ்சு போயிடாதா?"

"அப்படின்னா அந்த ஆயில் எங்கேர்ந்து வடியறதுன்னு யோசிக்கவே இல்லையாப்பா?"

நாகேஸ்வரன் குடையை மடக்கினார். "அதுதான் எனக்கும் புரியலை. ஆனா சில கேள்வியைக் குறுக்கு விசாரணைல கேட்கவே கூடாதுடா. கேஸ் கலைஞ்சுடும்."

விஸ்வா நேரே சமையலறைக்குப் போனான். அம்மா பர்வதம் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தக் கூத்துக்கு இன்னிக்கே முடிவு கட்டப்போறேன். ரெண்டு பேரையும் எதிரெதிரா நிக்க வெச்சு உண்மையைப் போட்டு உடைக்கப்போறேன்."

"உடைச்சா அதுக்கப்புறம் முத்து இந்த வீட்டுக்கு எப்படிடா வருவான்? அப்பாவுக்குன்னு வாய் விட்டுப் பேச அவன் ஒருத்தன்தான் மிச்சம்."

"அப்போ உனக்கும் தெரியுமா?"

"தெரியாம என்ன? ரெண்டு பேரும் தனித்தனியா வந்து, இன்னொருத்தர்கிட்ட சொல்லிடாதேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போயாச்சு."

"தெரிஞ்சுண்டுமா சும்மா இருக்கே? இல்லவே இல்லாத ஒண்ணை இருக்குன்னு வெச்சுண்டு, வருஷா வருஷம்... பைத்தியக்காரத்தனமா இல்லை?"

பர்வதம் இரண்டு டபரா காபியையும் அவன் கையில் கொடுத்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"நீயும்தான் 'அடுத்த வருஷம் இங்கேயே வந்துடறேன்'னு வருஷா வருஷம் போன்ல சொல்றே. அப்பாவும் மாடி ரூமுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிக்கறார். நாங்க என்னிக்காவது உன்னைக் குறுக்கு விசாரணை பண்ணியிருக்கோமாடா?"