திரும்பப் போக வேண்டிய பெட்டி

பின்னால் நின்ற மகள், தன் இரண்டு உள்ளங்கைகளாலும் என் கண்களை இறுகப் பொத்தியிருந்தாள்.

என் முன்னே மேசைமீது ஒரு கோப்பைக் காப்பி, ஆறிவிடாதபடி தட்டால் மூடப்பட்டிருந்தது. என் பழைய பிளாஸ்டிக் குழாயில் நானே அழுத்தி வடித்தது. அதற்குப் போட்டியான கோப்பை சமையலறையில் தயாராகிக்கொண்டிருந்தது.

சுவையில் வேறுபாடு தெரிந்தால் மகள் வாங்கி வந்த எஃகுக் காப்பிக் கருவி வீட்டில் தங்கும். தெரியாவிட்டால் இன்றே கடைக்குத் திரும்பும். எடுத்துச் செல்பவர் எந்நேரமும் வரலாம். பெட்டியை வாசலருகே திறந்து வைத்திருந்தேன்.

கருவியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அழகானது. மேடைமேல் வைத்தால் வேர்விட்டதுபோல் நின்றது. நீண்ட நெம்புகோல் ஓரிடத்திலும் தயங்காமல் இறங்கிற்று. விட்டதும் வந்த வழியே ஏறிற்று. ஆட்டம் இல்லை, முனகல் இல்லை, வேண்டாத திருகு ஒன்றுகூட இல்லை. ஒரு சொல்லையும் நீக்க முடியாத வாக்கியத்தைப் படித்த நிறைவு எனக்கு உண்டாயிற்று.

அதற்காக அந்த விலையா? கொதிக்கிற நீரைத் தூளின் வழியே கீழே இறக்குவதற்கா?

கூடவே வந்த துண்டறிக்கையில் வரிக்கு ஒரு பிழை. விலை மட்டும் பிழையின்றி அச்சாகியிருந்தது. “ஒரு கையே போதும்!” என்று கொட்டை எழுத்தில் ஒரு பெருமை வேறு. முதல் நாளே அதை உரக்கப் படித்து, “அப்போ இன்னொரு கைய என்ன பண்றதாம்? இடுப்புல வச்சுக்கிட்டு போட்டோவுக்கு நிக்கிறதா?” என்று கேட்டேன்.

மகள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு எப்போதும் சிரிக்கிற மனைவியும் சிரிக்கவில்லை. சன்னலோர நாற்காலியிலிருந்து, “இருந்துட்டுப் போகட்டுமே” என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு என் பிளாஸ்டிக் குழாய் போதும். கோப்பை நழுவாமல் ஒரு கையால் குழாயோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மறு கையால் முழுப் பலத்தோடு மேலிருந்து அழுத்த வேண்டும். பிடி தளர்ந்தால் காப்பி சட்டைக்குத்தான். ஆனாலும் சென்ற ஆண்டு இந்த வேலை மனைவியிடமிருந்து என்னிடம் வந்தது முதல், ஒரு நாளும் யாரையும் காப்பிக்குக் காக்க வைத்ததில்லை.

காலடி ஓசை கேட்டது. மேசைமேல் இன்னொரு கோப்பை மெல்ல அமர்ந்தது. தட்டு எடுக்கப்பட்டது. கோப்பைகள் ஒன்றையொன்று சுற்றி இடம் மாறின.

“ம், குடிங்க” என்றாள் மகள், என் காதருகே.

தடவிப் பார்த்து ஒன்றை எடுத்துப் பருகினேன். தெளிந்த கசப்பு; நாவின் ஓரத்தில் இலேசான புளிப்பு; விழுங்கியபின் நெடுநேரம் நிற்கும் மணம்.

மற்றொன்றையும் பருகினேன். அதே கசப்பு, அதே புளிப்பு, அதே மணம். மீண்டும் முதலாவது. மீண்டும் இரண்டாவது.

“அணுவளவும் வித்தியாசம் இல்ல. ரெண்டுக்கும் ஒரே மார்க்” என்று தீர்ப்பளித்தேன்.

“நல்லா யோசிச்சிட்டீங்களா அப்பா? மறுகூட்டல் கேட்டாலும் இதே மார்க்தானா?”

“மறுகூட்டலும் கிடையாது, மன்றாட்டும் கிடையாது. பெட்டியக் கட்டு.”

வெற்றிக் களிப்போடு மகளின் கைகளைப் பற்றி விலக்கினேன்.

இரண்டு கைகளும் என் பிடியில் இருந்தபோதுதான் உறைத்தது. இவை இத்தனை நேரமும் என் கண்மேல்தானே இருந்தன? அப்படியானால் கோப்பைகளை மாற்றி வைத்தது யார்?

மேசைக்கு அப்பால், நாற்காலியின் முதுகை இடக்கையால் பற்றிக்கொண்டு, மூச்சிரைக்க என் மனைவி நின்றிருந்தாள். அந்தக் கையின் விரல்களெல்லாம் காப்பித் தூள். புறங்கையில் கொதிநீர் தெறித்த சிவப்பு.

வலக்கை, பக்கவாதம் வந்த நாளிலிருந்து இருக்கிறபடியே, விலாவோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

“அப்போ நான் போட்டதும் பாஸ்தானே, வாத்தியாரே?” என்றாள்.

வாசல் மணி அடித்தது.

மேசையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். அது நான் போட்ட காப்பியா, அவள் போட்டதா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்தேன்.

“பெட்டி ரெடியா சார்?” என்று கேட்டார் வந்தவர்.

“பெட்டி ரெடிதான் தம்பி. உள்ள வைக்கத்தான் ஒண்ணும் இல்ல” என்றேன்.