முள் ஏன் இறங்குகிறது?

"மேடம், முள்ளு கீழ இறங்கிட்டே போகுது! வண்டி வெடிச்சிடுமா?"

போனில் வந்த இளைஞனின் குரலில் அவ்வளவு பதற்றம். பிரவீனா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். கையெல்லாம் கிரீஸ் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டுமே பார்க்கும் பட்டறை அவளுடையது. சேலம் பக்கம் அப்படி வேறு பட்டறை இல்லை. முன்பின் தெரியாதவர்கள் நெட்டில் தேடிப் பிடித்துக் கூப்பிடுவது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

"வெடிக்காதுங்க தம்பி. வண்டியை ஓரமா நிறுத்திட்டீங்களா? எந்த முள்ளு?"

"நிறுத்திட்டேன், என்ஜின் ஓடிட்டிருக்கு. ஸ்டியரிங் பக்கத்துல தனியா ஒரு மீட்டர் இருக்கு மேடம். எண்ணெய்ச் சொட்டு மாதிரி படம் போட்டிருக்கு."

"அது ஆயில் பிரஷர் மீட்டருங்க. இப்ப எவ்வளவு காட்டுது?"

"ஒண்ணு. காலையில ஸ்டார்ட் பண்ணப்போ அஞ்சுல இருந்துச்சு. ஆயிலெல்லாம் ஒழுகிப் போயிடுச்சா?"

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மயில்சாமி காதைத் தீட்டிக்கொண்டார். எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். விடிந்ததும் விடியாததுமாகப் பட்டறைக்கு வந்துவிட்டவர். பிரவீனா வாங்கிக் கொடுத்த டீ அவர் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

"பானெட்டைத் திறந்து, குச்சியை உருவி ஆயில் இருக்குதான்னு பாருங்க தம்பி."

"திறக்கிற இடம் எங்கன்னே தெரியல மேடம்."

"சரி, விடுங்க. அந்த மீட்டர் ஆயில் எவ்வளவு இருக்குதுன்னு காட்டாதுங்க. பம்பு தள்ளுற ஆயில் எவ்வளவு அழுத்தமாப் போகுதுன்னுதான் காட்டும். காலையில வண்டி குளிர்ந்து கிடக்கும், ஆயிலும் கெட்டியா இருக்கும். சின்னச் சின்னச் சந்துல நுழைய மாட்டேன்னு முரண்டு பிடிக்கும். அதனால பிரஷர் ஏறி நிக்கும். ஓடிச் சூடானா ஆயில் இளகிரும், பிரஷரும் இறங்கிரும்."

"அப்ப கம்மியாக் காட்டுனா நல்லதா, கெட்டதா?"

பதற்றம் போய், குரலில் ஆர்வம் வந்திருந்தது.

"எப்பக் காட்டுதுங்கிறதுலதான் இருக்கு. சும்மா நிக்கிறப்போ இறங்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஏறணும். மிதிச்சும் ஏறலைன்னாத்தான் ஆபத்து."

"மத்த காருல இந்த மீட்டரே இல்லியே?"

"அதுல ஒரு சிவப்பு லைட்டுதான் இருக்கும். அது எரியறதுக்குள்ள பாதி என்ஜின் போயிருக்கும். வேகமா ஓட்டுறவங்களுக்கு முன்னாடியே தெரியணுமில்லீங்களா, அதுக்குத்தான் இது. இப்ப மெதுவா மிதிங்க, மூவாயிரம் ஆர்.பி.எம். வரைக்கும்."

ஸ்பீக்கரில் என்ஜின் உறுமியது. மயில்சாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாலு! மேடம், நாலு காட்டுது! விட்டா இறங்குது, மிதிச்சா ஏறுது!"

பிரவீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லட்சக்கணக்கில் கொடுத்துக் கார் வாங்குகிறவர்கள்கூட இந்த மீட்டரைப் பற்றி அவளிடம் இவ்வளவு கேட்டதில்லை. சிரித்தபடி நிமிர்ந்தவள், மயில்சாமியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"தம்பி, காரு உங்களுதுங்களா?"

"மாமாவோடது. அதான் எனக்கு ஒண்ணும் புரியல."

"ஹெட்லைட்டைப் போட்டு, முள்ளு என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

"லைட்டுக்கும் ஆயிலுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"போட்டுத்தான் பாருங்களேன்."

சுவிட்சைத் திருகும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

"ஐயோ! முள்ளு எகிறி ஆறுக்குப் போயிடுச்சு! அணைச்சா மறுபடியும் ஒண்ணுக்கு வருது. பார்க்காமலே எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

மயில்சாமி சட்டென்று நிமிர்ந்ததில் டீ வேட்டியில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"தம்பி, நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்கோங்க. இப்பவே என்ஜினை அணைங்க. மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஒரு அடி ஓட்டுனாலும் என்ஜின் இறுகிப் பிடிச்சிக்கும். அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போடணும்."

"அணைச்சிட்டேன் மேடம், அணைச்சிட்டேன்! ஆனா இன்னைக்குள்ள ஆத்தூர்ல கொண்டுபோய் விடணுமே..."

"இப்ப எங்க நிக்கிறீங்க?"

"அயோத்தியாப்பட்டணம் தாண்டி, ஒரு இளநிக் கடை முன்னால."

"வண்டியை விட்டு நகராதீங்க. இங்கிருந்து ஆளு அனுப்பறேன்."

"ரொம்ப நன்றி மேடம். ஆனா ஒண்ணு, லைட்டைப் போட்டா முள்ளு ஏன் ஏறுதுன்னு நீங்க சொல்லவே இல்லியே?"

"நேர்ல சொல்றேனுங்க தம்பி."

அழைப்பைத் துண்டித்தாள். மயில்சாமி எழுந்து நின்றிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, என்ஜின் போச்சுங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகலீங்கண்ணா. லைட்டு போடாதப்போ மீட்டர் காட்டுனது சரியான பிரஷர்தான். அவன் வண்டியை அணைக்கணும்னுதான் அப்படிப் பயமுறுத்தினேன். உங்க வண்டில லைட்டு வயரும் மீட்டரு வயரும் ஒண்ணாக் கிடக்கு, அதான் லைட்டைப் போட்டா முள்ளு எகிறுது, கொண்டாங்க, பிரிச்சு மாத்தித் தாரேன்னு உங்களை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? நீங்க வராததும் நல்லதாப் போச்சு" என்றபடி பிரவீனா தன் போனை அவர் கையில் திணித்தாள். "ஸ்டேஷனுக்குப் பேசுங்க. நேத்து ராத்திரி உங்க ஊட்டுல திருடு போன காரு, அயோத்தியாப்பட்டணம் இளநிக் கடை முன்னால, திருடனோட சேர்ந்து காத்துக்கிட்டு நிக்குதுன்னு சொல்லுங்க!"