சிக்குக்காட்டு வாக்கு

அப்பாவின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. வேறு வழியில்லாமல்தான் சிறுமி சித்திக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பள்ளியில் இன்று வகுப்புப் படம் எடுக்கிறார்கள். விரித்த தலையோடு போக முடியாது.

சித்திக்கு அழகு நிலையத்தில் வேலை. கல்யாணப் பெண்கள் அவள் கைக்காக நாள் கேட்டுக் காத்திருப்பார்கள். அந்தத் தெருவில் பாதித் தலைகள் அவள் சொன்னபடி கேட்கும். வீட்டிலிருந்த ஒரே ஒரு சின்னத் தலை மட்டும் பிடி கொடுக்கவில்லை.

இந்த வீட்டுக்கு அவள் இரண்டாம் தாரமாக வந்து வருஷம் திரும்பப்போகிறது. தினமும் காலையில் அப்பாதான் மகளுக்குத் தலை வாருவார். அவர் ஒயர்மேன். பின்னலும் ஒயர் முறுக்கினது போலத்தான் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் சித்தியின் கை பரபரக்கும்.

ஆனால் அந்தச் சின்னத் தலைக்குக் கைப்பக்குவம் மட்டும் போதாது. கதை வேண்டும்.

சுருட்டை முடி. சீப்பைப் பார்த்தாலே அழுகிற பிள்ளை. அசையாமல் உட்கார வைப்பதற்காக, பெற்ற தாய் கட்டிய கதை அது. தலைமுடிதான் சிக்குக்காடு. சீப்புதான் தேர். காட்டைக் காவல் காக்கிறாள் ஒரு இளவரசி. ஒவ்வொரு சிக்கும் ஒரு பூதம். எதற்கும் மசியாத பெரிய பூதம் எதிர்ப்பட்டால், காட்டு வாசலில் செதுக்கியிருக்கும் பழைய வாக்கைச் சொல்ல வேண்டும். நாலே வரி.

அந்த வாக்கைச் சித்தி முழுதாகக் கேட்டதே இல்லை.

அவள் அறைக்குள் வந்தால் அப்பாவின் குரல் மூன்றாவது வரியோடு அமுங்கிவிடும். மகள் தரையைப் பார்ப்பாள். இவள் எடுக்க வந்ததை எடுக்காமலே திரும்புவாள். வயிறு பற்றி எரியும்.

செத்துப்போனவள்மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பொறுத்துக்கொண்டாள். பீரோவில் பாதி இடத்தைப் பிடித்திருந்த துணிகளைப் பொறுத்துக்கொண்டாள். இந்த நாலு வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. கடையில் யார் தலையிலாவது கை வைத்திருக்கும்போது, அப்படி என்னதான் சொல்லிவிட்டுப் போனாள் மகராசி என்று மனசு அதையே மென்றுகொண்டிருக்கும்.

"ஒரு ஊர்ல ஒரு இளவரசி இருந்தாளாம்" என்று சித்தி இப்போது ஆரம்பித்துப் பார்த்தாள்.

"ஊர் இல்ல சித்தி, காடு. நீங்க சும்மா வாருங்க. கதைய நான் மனசுக்குள்ள சொல்லிக்கிறேன்."

எத்தனையோ வாடிக்கைக்காரிகளின் அதட்டலைச் சிரித்துக்கொண்டே கேட்டவள்தான். இது சுருக்கென்று தைத்தது.

அம்மாவின் சீப்பு, ஒரு பல் உடைந்த மரச்சீப்பு, சிறுமியின் மடியில் இரண்டு கைக்கும் நடுவே இருந்தது. கேட்டாலும் தரமாட்டாள் என்று தெரியும். சித்தி கடையிலிருந்து கொண்டுவந்த சீப்பை எடுத்தாள்.

அப்பா உச்சியிலிருந்து இழுப்பார். இவள் நுனியிலிருந்து தொடங்கினாள். பூதங்கள் சத்தமில்லாமல் விழுந்தன. இடது பக்கம் பின்னி முடிந்தது. பிள்ளைக்குப் பிடித்ததா இல்லையா என்று கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

வலது பக்கம், பிடரிக்குக் கொஞ்சம் மேலே, பெரிய பூதம் இருந்தது. சீப்பு நகரவில்லை.

சிறுமி உதட்டைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் பொறுத்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஏழு மலை தாண்டி ஒருத்தி வருவாள்
ஏதும் அறியாமல் உள்ளே நுழைவாள்
காட்டுக் கதவில் அவள் கைபடும் நேரம்
கல்லாய்ப் போவாள் காலம் உள்ளவரை."

சித்தியின் கை அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த அறையில் அப்பா அவசரமாக இருமினார். மூன்றாவது வரியோடு அவர் ஏன் குரலை அமுக்கினார் என்று இப்போது விளங்கியது.

முகம் தெரியாது, பேர் தெரியாது, வருவாளா என்பதுகூடத் தெரியாது. ஆனாலும் அந்தச் செத்துப்போனவள் இவளை நினைத்து இப்படி வயிறெரிந்திருக்கிறாள்.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வயிற்றெரிச்சலில் தனக்குச் சரியான ஜோடி கிடைத்துவிட்டது போலிருந்தது.

"கல்லாயிட்டீங்களா?"

கேலி இல்லை. சிறுமி நிஜமாகவே கண்ணாடியில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்ல."

"அது அம்மா மொதல்ல சொன்னது. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப கடைசி வரிய மட்டும் மாத்திட்டாங்க. அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் சொன்னாங்க."

இருமல் நின்றது.

"என்னன்னு மாத்தினாங்க?"

சிறுமி மெதுவாகச் சொன்னாள்: "காடு வழிவிடும், கண்ணே, நீயும் விடு."

சித்தி பூதத்தை விரல்களால் பிரிக்கத் தொடங்கினாள்.

"ரெண்டுல எது நிஜம்?"

"வர்றவங்களப் பாத்துட்டு நீயே ஒண்ணு வெச்சுக்கோன்னாங்க."

"நான் வந்து வருஷம் ஆகப்போகுதேடி. இன்னுமா பாத்துக்கிட்டிருக்க?"

சிறுமி இடது சடையை முன்னால் எடுத்துப் போட்டாள். நுனிவரை ஒருமுறை நீவிப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்குல்ல" என்றாள்.

பிறகு மடியிலிருந்த மரச்சீப்பை, திரும்பிப் பார்க்காமலே பின்பக்கமாக நீட்டினாள்.