எண்ணெயால, எண்ணெயில்லாம

"இதை எங்கேம்மா வைக்கணும்?"

கைக்கு ஒரு கேனாகத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க சமூகக் கூடத்துக்குள் வந்து நின்றார் ஒரு பெரியம்மா.

பொருள்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த டியூஷன் டீச்சர் நிமிர்ந்தாள். "என்னம்மா இது?"

"எண்ணெய். சமையல் எண்ணெய். நல்லதாப் பார்த்துத்தான் வாங்கினேன்."

கடலில் கப்பல் உடைந்து கரை முழுக்க எண்ணெய் ஒதுங்கிக் கிடக்கிறது. படகையும் பாறையையும் துடைக்கத்தான் இங்கே பொருள் சேர்க்கிறார்கள்.

"ஆன்ட்டி, அங்க ஏற்கெனவே தேவைக்கு மேல கிடக்கு" என்றார் துணி பிரித்துக்கொண்டிருந்த ஜிம் மாஸ்டர்.

கூடமே சிரித்தது.

"இல்லையே தம்பி. வேன்ல மைக் வெச்சுச் சொல்லிட்டுப் போனாங்களே. எண்ணெயில்லாம பாதிக்கப்பட்ட மக்களுக்கு உதவுங்கன்னு."

"எண்ணெயில்லாம இல்ல ஆன்ட்டி. எண்ணெயால."

மறுபடியும் சிரிப்பு. கையுறைக்காக வரிசையில் நின்ற கடலோரத்துப் பெண்களில் சிலரும் சிரித்துவிட்டார்கள். அவர்கள் சிரித்தே பல நாள் ஆகியிருக்கும்.

பெரியம்மாவும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"டெலிபோன் ஆபீஸ்ல காதை வெச்சே பிழைச்சவ நான். அந்தக் காதே இப்பக் காலை வாரிடுச்சு."

"அதனால என்னம்மா. இங்க கையுறை, சோப்பு, பழந்துணி மட்டும்தான் வாங்குறோம். இதை வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க, உங்களுக்கு ஆகும்" என்றாள் டீச்சர். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"ஒண்டிக்கட்டைக்கு இவ்வளவு எண்ணெய் எதுக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பெரியம்மா குனிந்து கேன்களைத் தூக்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போதுதான் வாசல் பக்கமிருந்து ஒரு மீன்காரம்மா எல்லோரையும் இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கறுப்புப் பிசுக்கு. வந்த வேகத்தில் மேஜையில் கையை ஊன்ற, மடித்து வைத்திருந்த துணிகள் கறையாயின.

"என்னம்மா நீங்க, கையைக் கழுவிட்டு வரக்கூடாதா? வரிசை நிக்கறது கண்ணுக்குத் தெரியல?" டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வரிசை கிடக்கட்டும் டீச்சர். அக்கா, நில்லுங்க. அந்தக் கேனைத் திறந்து என் கையில கொஞ்சம் ஊத்துங்க."

பெரியம்மா தயங்கித் தயங்கி ஊற்றினார். மீன்காரம்மா பரபரவென்று தேய்த்தாள். ஒரு கந்தலை எடுத்துத் துடைத்தாள். கறுப்பு இளகி, கை தெரிந்தது.

"பார்த்தீங்களா? சோப்புக்கு இது அசையவே இல்ல. மண்ணெண்ணெய் போட்டா எரியுது. நீங்க தெரிஞ்சு கொண்டு வந்தீங்களோ தெரியாமக் கொண்டு வந்தீங்களோ, இதுதான்க்கா எங்களுக்கு வேணும்."

பெரியம்மா நிமிர்ந்து ஜிம் மாஸ்டரைப் பார்த்தார். "நாளைக்கும் ரெண்டு கேன் கொண்டு வரட்டுமா தம்பி?"

"கொண்டு வாங்க ஆன்ட்டி" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு.

பெரியம்மா கேன்களை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்து போனார்.

"இப்ப நீங்க கடைசியில போய் நில்லுங்க" என்றாள் டீச்சர். மீன்காரம்மா போய் நின்றாள்.

அவள் முறை வந்தபோது கையுறை தீர்ந்துவிட்டது. பழந்துணியை எடுத்து நீட்டிய டீச்சர், அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு நகக்கண்ணெல்லாம் கறுத்திருக்கும். இவளுக்கு நகம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"நீங்க கரையிலிருந்துதானே வந்தீங்க?"

"இல்லையே. கதவு திறந்ததிலிருந்து இந்த வரிசையிலதான் நின்னேன். அந்த அக்கா வந்தப்ப எனக்கு முன்னால ரெண்டே பேர்தான்."

"அப்ப கையில அது எப்படி வந்துச்சு?"

மீன்காரம்மா மோவாயால் வாசலைக் காட்டினாள். கடற்கரைக்குப் போய் வந்தவர்கள் கழற்றிப் போட்ட பூட்ஸ்கள் அங்கே குவிந்து கிடந்தன. மேலே கிடந்த ஒன்றில் யாரோ கையால் வழித்தெடுத்த தடம்.

டீச்சர் அந்தத் தடத்தையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எண்ணெய் போட்டா போகும்னு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்? போகலேன்னா கையைத் துணிக்குள்ள விட்டுக்கிட்டு, போயிடுச்சுக்கான்னு சொல்லியிருப்பேன்."

"எதுக்கும்மா இதெல்லாம்? கையுறையும் போச்சு, என்கிட்ட திட்டும் வாங்கினீங்க."

மீன்காரம்மா பழந்துணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"விக்காத கூடையைச் சுமந்துக்கிட்டு வீடு திரும்பியிருக்கீங்களா டீச்சர்? போகும்போது இருந்ததைவிட வரும்போதுதான் கனக்கும்."