ஒரு விள்ளல் இட்லி

"தண்ணிகூடக் குடுக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல, என்னத்த மென்னுக்கிட்டு இருக்காரு?" நர்ஸ் அதட்டினாள்.

"வாயில ஒண்ணுமில்ல சிஸ்டர், தாடை தானா அசைஞ்சுக்கிட்டே இருக்கு. மனசு சரியில்லாததுக்குச் சாப்பிட்ட மாத்திரை பண்ணுன வேலை. ஆறு வருசமா இப்படித்தான்" என்றாள் ஜெயக்கொடி. அதை நிறுத்தத்தான் இன்று அவள் கணவன் காளிராஜுக்குத் தலையில் ஷாக் கொடுக்கப்போகிறார்கள். நர்ஸ் நம்பாமல் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்த பிறகே அவன் படுத்திருந்த ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

அவனைத் திரும்பக் கொண்டுவந்தபோது தாடை அசையவில்லை. செத்துப்போன அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத்துணி ஜெயக்கொடிக்கு நினைவு வந்தது. அவன் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு சுட்டது.

மதியம் கண்விழித்தவன், "பசிக்குது" என்றான், ஆறு வருடத்தில் இல்லாத தெளிவோடு. இட்லியை விண்டு வாயில் வைத்தாள்.

வாய் அப்படியே இருந்தது.

"மெல்லுங்க."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெல்லுங்க…"