தூளி முடிச்சு

ஆறு பேர் கொண்ட அந்த மென்பொருள் குழுவுக்குப் புது வேலைமுறையைக் கொண்டுவந்தவன் இளம்பரிதி. தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எனக்கு என்ன தடை என்று சொல்ல வேண்டும். தடையை நீக்கித் தருவது அவன் பொறுப்பு. கைக்குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்த பூங்கோதை, தன் முறை வரும்போதெல்லாம் வேலையை மட்டும் சொல்லிவிட்டு, தடை ஒன்றுமில்லை என்பாள். அதற்குமேல் அவளிடம் என்ன கேட்பதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, "தடை இருக்கு," என்றாள். சர்வர் கோளாறாக இருக்கும் என்று இளம்பரிதி பலகையில் எழுத மார்க்கரைத் திறந்தான்.

"வீட்ல தூளி இன்னும் தொங்குது. எனக்கு அவுக்கக் கை வரல. அவரும் மாட்டேங்கறார். யாராவது வந்து அவுத்துத் தர முடியுமா?"

மார்க்கரை மூடிவிட்டு, "நான் வரேன் பூங்கோதை," என்றான் இளம்பரிதி.

மாலையில் அவள் வீட்டில் ஸ்டூல்மேல் ஏறினான். நீலப் பருத்திப் புடவையில் கட்டிய தூளி. பால் வாசம் இன்னும் போகவில்லை. பாரம் தாங்கி இறுகிப்போன முடிச்சு அசையவே இல்லை.

"கத்தி தரட்டுமா?" என்றான் வாசலிலேயே நின்றிருந்த அவள் கணவன்.

"வெட்டாதீங்க," என்றாள் பூங்கோதை.

நகம் வலிக்க வலிக்க முடிச்சு நெகிழ்ந்தது. துணி சரியப்போகும்போது அவள் ஓடிவந்து இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

"மெதுவா," என்றாள். "மெதுவா, மெதுவா."

இளம்பரிதி மெதுவாகவே இறக்கினான்.