குழாயைக் கழற்றாதவன்

"எனக்கு டுவேன் வேண்டாம். ஜோடிக்கு வேற ஆளப் போடுங்க."

காலையிலேயே மேஸ்திரி நோரீன் முன்னால் போய் நின்றான் லெஸ்டர்.

பில்லிங்ஸ் ஊருக்கு வெளியே புது மரவீடு எழும்பிக்கொண்டிருந்தது. கட்டைகளை அடுக்கி, ஆணித் துப்பாக்கியால் படபடவென்று அடித்துச் சுவரை நிமிர்த்துவதில் லெஸ்டரை மிஞ்ச அங்கே ஆளில்லை.

டுவேனோ நத்தை. ஆணி இறங்கும் இடத்திலிருந்து மறு கையை எட்ட வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடிப்பான். துப்பாக்கிக்குள் ஆணி சிக்கிவிட்டால், கம்ப்ரசரிலிருந்து அதற்கு விசை தரும் காற்றுக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் துப்பாக்கியையே தொடுவான்.

லெஸ்டர் அந்தச் சடங்கெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. குழாய் மாட்டியபடியே முனையை நெம்பி, சிக்கிய ஆணியை எடுத்து வீசிவிடுவான்.

"ரெண்டு வருஷமா பக்கத்துல நின்னு பார்க்கறியே, எனக்கு ஒரு கீறல் உண்டா?" என்று டுவேனைச் சீண்டுவான். டுவேன் அடுத்த ஆணியை அடிக்கப் போய்விடுவான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவன் துப்பாக்கியோடு மல்லுக்கட்ட உட்கார்ந்தால் போதும், உதவிக்கு நிற்காமல் டுவேன் எழுந்து எங்கேயோ போய்விடுகிறான். அதைத்தான் லெஸ்டரால் தாங்க முடியவில்லை. நோரீனிடம் அதையும் கொட்டித் தீர்த்தான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இன்னொரு தச்சன் பிராடியை இவனுக்கு ஜோடியாக அனுப்பிவிட்டு, டுவேனை மறுபக்கச் சுவருக்கு மாற்றினாள்.

மதியத்துக்குள் ஆணி சிக்கியது. லெஸ்டர் துப்பாக்கியைப் பலகையில் சாய்த்து, வழக்கம்போல் நெம்பினான். விரல் விசையில் பட்டது.

படீரென்று வெடித்தது.

ஆணி அவன் கையுறையைப் பலகையோடு சேர்த்துத் தைத்திருந்தது. பயந்துகொண்டே கையை உருவினான். விரல் இடுக்கில் தோல் மட்டும் சிராய்த்து ரத்தம் கசிந்தது.

நோரீன் ஓடிப்போய் கம்ப்ரசரை நிறுத்தினாள். டுவேன் மருந்துப் பெட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

லெஸ்டர் துப்பாக்கியைக் காலால் தள்ளிவிட்டான். "துப்பாக்கியிலதான் ஏதோ கோளாறு. எத்தனை தடவை இப்படி எடுத்திருக்கேன், ஒரு தடவைகூட வெடிச்சதில்லையே."

டுவேன் காயத்தைத் துடைத்து, துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

"எப்படி வெடிக்கும்? முதல் நாளே கழட்டச் சொன்னேன், சிரிச்சே. அப்புறம் நீ நெம்ப உட்கார்ந்தப்பல்லாம், நான்தானே கம்ப்ரசர்கிட்ட போய் உன் குழாயக் கழட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."